தெரியாது என்று அச்சிட்டவர்

வேதசிரோமணி வாத்தியார் வெயிலுக்குக் குடை பிடிக்கமாட்டார். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் புரூப் தாள்களோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் படித்துக்கொண்டே நடந்துபோவார். எதிரே வருகிற வண்டிக்காரர்கள்தான் மாட்டை ஒடித்து ஒதுங்கவேண்டும். "வாத்தியாரய்யா, செத்த நிமிந்து பாருங்க" என்று யாராவது கத்தினால் சிரித்துக்கொண்டே ஓரமாகப் போய், மறுபடியும் தாளில் மூழ்கிவிடுவார்.

கிராமத்துக் கிறிஸ்தவக் கோவில் உபதேசியார் ஒருவரின் மகன் அவர். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. 1931ஆம் ஆண்டு 'தென்சோலை' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பட்டணத்துப் பத்திரிகைகளில் வருகிற கதைகள் அவருக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவற்றில் வருகிற தெருக்களும் பேச்சும் எல்லாமே பட்டணத்துக்குரியவை. பருத்தி எடுக்கிறவளும், கண்மாய் பெருகுமா என்று மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனும் எங்கேயும் எழுத்தில் வரவில்லை என்பது அவர் குறை. "நம்ம பக்கத்து ஆளுதான் நம்ம பக்கத்துக் கதைய எழுதணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதவும் செய்தார்கள். ராஜபாளையத்தில் பஞ்சுப்பேட்டைக் கணக்கர் ஒருவர், தென்காசியில் ஒரு தபால்காரர், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பெயர் போடாமல் பாட்டு அனுப்பிய ஒரு பெண். திருப்பி அனுப்புகிற கதைக்குக்கூட இரண்டு பக்கம் பதில் எழுதுகிற ஆசிரியர் அவர். ராஜபாளையம், வத்திராயிருப்பு, சிவகாசி வாசகசாலைகளில் தென்சோலை வந்துவிட்டதா என்று கேட்கிற ஆட்கள் உருவானார்கள்.

இவ்வளவும் நடப்பதற்கு முதுகெலும்பாக இருந்தவர் சீனிச்சாமி பண்ணையார். வத்திராயிருப்புப் பக்கம் நிலபுலன் உள்ளவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் இருந்த அவருடைய பழைய நெல் கிட்டங்கியில்தான் அச்சுயந்திரம் ஓடியது. காகிதக் கடையில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் கடனுக்குக் காகிதம் வரும். வாத்தியார் வேலை பார்த்த பள்ளியின் கமிட்டியிலும் அவர் இருந்தார். ஒவ்வொரு இதழிலும் முதல் பக்கத்தில் 'புரவலர்' என்று அவர் பெயர் இருக்கும். இதழ் போனதும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, விசிறிக்கொள்ள வைத்துக்கொள்வார் என்று வாத்தியாரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பேச்சிமுத்து வேதசிரோமணி வீட்டுக்கு முதன்முதலில் வந்தது 1933 கோடையில். பண்ணையாரின் கிராமத்திலேயே ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார், இருபத்தைந்து வயதிருக்கும். அந்தப் பள்ளிக்கு மேனேஜரும் பண்ணையார்தான். கீழத்தெருவிலிருந்து படித்து மேலே வந்த முதல் ஆள் பேச்சிமுத்து. வாசலுக்கு வெளியே, முருங்கைமரத்து நிழலில் நின்றுகொண்டு, "ஐயா இருக்காகளா" என்று கேட்டான்.

வாத்தியாரின் மனைவி ரோசம்மாள்தான் வெளியே வந்தாள். "அங்க ஏன் நிக்க? இந்த வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. உள்ள வா" என்றாள். உள்ளே வந்தும் தரையில் உட்காரப் போனவனை வாத்தியார் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அன்று மதியம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அன்றைக்குத் தன்னைப்பற்றி வாத்தியாருக்கு மிகவும் நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது. பிற்பாடு அந்தப் பகலை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு முதலில் கூசியது அந்த நல்ல அபிப்பிராயத்துக்காகத்தான்.

பேச்சிமுத்து மாதம் ஒருமுறையாவது வந்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தான். ஒருநாள் தன் தாய் அய்யம்மாளுக்கு நடந்ததைச் சொன்னான். அவர்களுக்கு இருந்தது கண்மாய்ப் பாசனத்தின் கடைசியில் ஒரு சின்னத் துண்டு நிலம். ஒரு வருஷம் பண்ணையார் ஆட்கள் வாய்க்காலை நடுவில் அடைத்து, தண்ணீர் முழுவதையும் தங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டார்கள். கதிர் வாங்குகிற நேரத்தில் பயிர் காய்ந்தது. அய்யம்மாள் மண்வெட்டியோடு போய் அடைப்பை வெட்டிவிட்டாள். அவளை அந்த வாய்க்காலுக்குள்ளேயே தள்ளி அடித்தார்கள். தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அவனும் கீழத்தெருக்காரன்தான், அவளுக்கு அண்ணன் முறை.

"இத எழுது தம்பி" என்றார் வாத்தியார்.

"எழுதுனா யாருன்னு தெரிஞ்சிரும்யா."

"ஊர்ப் பேரு போடாத. ஆளு பேரு போடாத. நடந்தத மட்டும் எழுது."

எழுதிக்கொண்டு வந்தான். 'கடைமடை' என்று தலைப்பு. அடித்தவர்களைப் பற்றி அதில் அதிகம் இல்லை. வரப்பில் நின்று பார்த்த அண்ணனைப் பற்றித்தான் கதை. அவன் காலடியில் தண்ணீர் ஓடுகிறது; தங்கை எழுந்திருக்கமாட்டாமல் கிடக்கிறாள்; அவன் குனிந்து, பழக்கத்தில், மடையைச் சரிசெய்கிறான். வாத்தியார் வாசித்து முடித்துவிட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தையைக்கூட அவர் திருத்தவில்லை.

"வேற ஏதாவது பேரு வச்சுப் போடுவமாய்யா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"இம்புட்டு நல்ல கதைக்குப் பொய்ப் பேரு எதுக்கு? பிற்காலத்துல இத எழுதுனது யாருன்னு தெரிய வேண்டாமா?"

"பண்ணையார் பாத்துட்டா?"

"அவரு என்னைக்குப் பத்திரிகைய வாசிச்சாரு? ஏதாவது வந்தா நான் பாத்துக்கிடுதேன்."

பேச்சிமுத்து சரி என்று தலையை ஆட்டினான்.

1934 மாசி இதழில் கதை வந்தது. ராஜபாளையம் வாசகசாலையில் ஒருவர் அதை உரக்க வாசிக்க, கேட்டவர்கள் மறுபடியும் வாசிக்கச் சொன்னார்களாம். பாராட்டி எழுதியவர்கள் பலர். வாத்தியார் அந்த நாட்களில் நிலத்தில் கால் பாவாமல் நடந்தார். ஆனால் அந்த வாசகசாலையில் பண்ணையாருக்குப் பழக்கமான பருத்தி வியாபாரி ஒருவரும் இருந்திருக்கிறார். அடுத்தமுறை பார்த்தபோது, "ஒங்க வாய்க்கால் கதைய நீங்களே அச்சடிச்சிட்டியளே" என்று கேலி செய்துவிட்டார்.

பண்ணையார் ஆளனுப்பினார். வாத்தியார் போனபோது சத்தமோ கோபமோ இல்லை. நாற்காலி போட்டார்கள். மோர் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்புவதைப் பற்றிப் பண்ணையார் பேசினார். மாசி இதழ் அவர் பக்கத்தில் கிடந்தது. பேச்சோடு பேச்சாக அதைத் தொட்டு, "இந்தக் கதைய எழுதுன பய, அவன ஒங்களுக்குத் தெரியுமா வாத்தியாரய்யா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் வேதசிரோமணி.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. அடிக்கக் கை ஓங்கினால் கண் மூடிக்கொள்கிறதே, அதுபோல வந்துவிட்டது. சொன்ன மறுகணமே, "இல்ல, தெரியும்" என்று திருத்தியிருக்கலாம். டம்ளரை எடுத்து மோரை வாயில் ஊற்றிக்கொண்டார். அதை விழுங்கினார்.

"அதானே, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? தபால்ல வந்திருக்கும், பாக்காமப் போட்டிருப்பிய" என்றார் பண்ணையார் சிரித்துக்கொண்டு. "அப்படின்னா அதையே அடுத்த இதழ்ல ரெண்டு வரி எழுதிப் போட்டுருங்க. எனக்கு ஒண்ணுமில்ல. நாலு பேரு பேசுதானுவ பாருங்க, அதுக்காகத்தான்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வாத்தியார் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். கிட்டங்கி போனால் பத்திரிகை போகும். பத்திரிகை போனால் எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் இடமில்லை. ஒருவனுக்காக எல்லாரையும் விடுவதா? இது கொஞ்ச நாள் விஷயம். பேச்சிமுத்துவிடம் நேரில் சொன்னால் புரிந்துகொள்வான். ஆனால் நேரில் சொல்ல அவர் போகவில்லை.

பங்குனி இதழில் அந்த அறிவிப்பு வந்தது. "சென்ற இதழில் வெளியான 'கடைமடை' என்னும் கதை தபாலில் வரப்பெற்றுக் கவனக்குறைவால் இடம்பெற்றுவிட்டது. அதனை எழுதியவரை நாம் அறியோம். அதிற் கூறப்பட்டவை மெய்யல்லவெனத் தெரிந்து வருந்துகிறோம்." முதலில் 'எழுதியவர் நமக்குத் தெரியாதவர்' என்றுதான் எழுதியிருந்தார். புரூப் பார்க்கும்போது ஓசை சரியில்லை என்று பட்டது. அடித்துவிட்டு 'நாம் அறியோம்' என்று மாற்றினார். மாற்றியதும் வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று ஒரு நொடி அவருக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை.

ரோசம்மாளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். வாசித்துவிட்டு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"நம்ம வீட்டுல சாப்புட்ட பிள்ளையத் தெரியாதுன்னு எழுதிருக்கிய."

"ஒனக்குப் புரியாது ரோசம்மா. பத்திரிகை நடக்க வேண்டாமா?"

"அந்தப் பிள்ள வந்தா நான் என்ன மூஞ்சியோட இல போட?"

அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த வருஷம், சீடன் தன் குருவைத் தெரியாது என்று மூன்றுமுறை சொன்னதை வாசிக்கிற பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு, தலைவலி என்று சொல்லிவிட்டு, அவர் கோவிலுக்குப் போகவில்லை.

இல்லாததை எழுதி மேனேஜரை அவமதித்தவன் என்று பேச்சிமுத்துவை வேலையிலிருந்து நீக்கினார்கள். பத்திரிகை ஆசிரியரே பொய் என்று போட்டுவிட்டாரே, வேறென்ன சாட்சி வேண்டும்? சித்திரையில் ஒருநாள் பேச்சிமுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தான். வீட்டுக்கு வரவில்லை, பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றான். வேட்டி அழுக்காக இருந்தது. முகத்தில் கோபம் இருக்கும் என்று வாத்தியார் பயந்திருந்தார். கோபம் இல்லை.

"ஐயா, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஆள் வேணுங்காக. என்னப் பத்தி விசாரிச்சா தப்பாத்தான் சொல்லுவாக. என்ன ஒங்களுக்குத் தெரியும், பொய் சொல்றவன் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

பிள்ளைகள் சைக்கிளும் சத்தமுமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மற்ற வாத்தியார்களும் வந்தார்கள். வேதசிரோமணி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"கொஞ்ச நாள் போகட்டும் தம்பி. சூடு ஆறட்டும். பொறவு எழுதித் தாரேன்."

"சரிங்கய்யா" என்றான் பேச்சிமுத்து. கும்பிட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு வரவேயில்லை. அய்யம்மாள் அந்த ஆண்டே செத்துப்போனாள் என்றும், நிலத்தை விற்றுவிட்டு மகன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்றும் யாரோ சொன்னார்கள்.

தென்சோலை நன்றாகவே நடந்தது. மதுரையில் ஒரு தமிழ் விழாவுக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு, இளம் எழுத்தாளர்களுக்கு நிழல் தரும் மரம் என்று பேசி மாலை போட்டார்கள். அவர் அந்த மாலையை உடனே கழற்றி நாற்காலிக்கடியில் வைத்துவிட்டார். அடக்கம் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்துக்கொண்டார். ரதவீதியில் படித்துக்கொண்டே நடக்கிற வழக்கம் அவரிடம் நின்றுபோனது. கதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது யாருக்கு எங்கே உறுத்தும் என்றுதான் முதலில் தேடினார். எழுதுகிறவர்களுக்கும் அது மெல்லத் தெரிந்துவிட்டது. சந்திரோதயம், தாய்மை, உண்மைக் காதல் என்று எழுதி அனுப்பினார்கள். அவரும் போட்டார்.

யுத்தம் வந்தது. காகிதம் கிடைப்பது கடினமாயிற்று. 1942இல் பண்ணையார் கிட்டங்கியைக் காலிசெய்து தரச் சொன்னார். உணவு தானியத்தில் நல்ல வியாபாரம் வந்திருந்தது. இத்தனை வருஷம் தான் கட்டிக் காத்தது எவ்வளவு சுலபமாக முடிந்துபோகிறது என்று வாத்தியாருக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்திரிகை நிற்கப்போவதை ராஜபாளையம் புத்தகக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வர, ஒரு சனிக்கிழமை ரயிலேறினார்.

சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது மில் சங்கு ஊதியது. தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிய ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவன் வாத்தியாரைக் கண்டு நின்றுவிட்டான். பஞ்சுத் தூசியில் தலை முழுதும் நரைத்ததுபோல் இருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"பேச்சிமுத்து" என்றார் அவர்.

அவன் சட்டென்று அவர் கையைப் பிடித்து, கூட்டத்திலிருந்து ஒரு சந்துக்குள் அழைத்துப் போனான். "அந்தப் பேரச் சொல்லாதீகய்யா. இங்க நான் பால்ச்சாமி."

வாத்தியார் எட்டு வருஷமாகத் தயார்செய்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. கடைசி இதழ் ஒன்று வரப்போகிறது, அதில் எல்லாவற்றையும் எழுதிவிடப்போகிறேன், உன்னை எனக்குத் தெரியும், நான்தான் எழுதச் சொன்னேன், நான் போட்ட அறிவிப்புதான் பொய் என்று அச்சில் போடப்போகிறேன் என்று மூச்சுவாங்கச் சொன்னார். சொல்லச் சொல்ல, பல வருஷமாக நெஞ்சில் இருந்த கல் புரளுவதுபோல் இருந்தது.

பேச்சிமுத்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "வேண்டாம்யா."

"ஏன்?"

"மொதலாளிக்கு எதிரா எழுதுனவன்னு தெரிஞ்சா இங்க ஒரு நாளு வச்சிருக்கமாட்டாக. இப்பமே சங்கம் அது இதுன்னு ஆள் ஆளாப் பாத்து வெளிய தள்ளுதாக. நீங்க எழுதுனா ஒங்களுக்கு மனசு ஆறும். எனக்கு வேல போயிரும்."

வாத்தியார் சந்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். தன் பரிகாரத்தில்கூட அவனை ஒரு நிமிஷம் நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான் வேற என்ன செய்யணும் தம்பி?"

பேச்சிமுத்து தயங்கினான். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டு, "எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க" என்றான். "நான் கத எழுதுனேன், அது அச்சுல வந்துச்சுன்னு சொன்னா அவ நம்பமாட்டேங்கா. பேரு மாத்தினவன் சொல்றது எல்லாமே பொய்யாத்தான் இருக்கும்னு சிரிக்கா."

மில்லுக்கு வடக்கே வரிசைவீடு ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். அவன் மனைவி மாரியாத்தாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள், "எவரு வச்சாரு?" என்று, வந்தது யாரென்று கேட்டு எட்டிப் பார்த்தாள். "தெரிஞ்சவகதான் அம்மா" என்று சொல்லிவிட்டு மாரியாத்தாள் கதவைச் சாத்தினாள்.

வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பதுபோல் சொன்னார். "அம்மா, ஒம் புருஷன் சொன்னது நெசம். நான் பத்திரிகை நடத்துனேன். எனக்கு வந்த கதைங்கள்லேயே நல்ல கதை இவன் எழுதுனதுதான்."

மாரியாத்தாள் புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "என்ன கதைய்யா?"

அவர் சொன்னார். வாய்க்காலையும், அடைப்பையும், வரப்பில் நின்ற அண்ணனையும் வரிவரியாகச் சொன்னார். மனப்பாடமாக இருந்தது. அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அம்புட்டு நல்ல கதன்னா இவரு ஏன் வாத்தியார் வேலைய விட்டு இங்க வந்து பஞ்சு திங்காரு?" என்று கேட்டாள்.

பேச்சிமுத்து, "அத விடு" என்றான்.

"இல்ல தம்பி, அவ கேக்கட்டும்." வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார். "அவனை எனக்குத் தெரியாதுன்னு பத்திரிகையில போட்டேன். அவன் எழுதுனது பொய்யின்னும் போட்டேன். அதனாலதான் வேல போச்சு."

"தெரியும்லா ஒங்களுக்கு?"

"நல்லாத் தெரியும்."

"பொறவு ஏன்யா அப்பிடிப் போட்டிய?"

கிட்டங்கி, பத்திரிகை, மற்ற எழுத்தாளர்கள் என்று அவர் அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட அந்தச் சின்ன அறையில் வாய்க்கு வரவில்லை. "பயந்துட்டேம்மா" என்றார்.

அவள் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. குழந்தை சிணுங்கியது, அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். போகும்போது புருஷனின் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை ஒரு கையால் தட்டிவிட்டுப் போனாள்.

வாசலில் இறங்கும்போது வாத்தியார், "இன்னும் எழுதுதியா?" என்று கேட்டார்.

"இல்லய்யா. ரெண்டு மூணு தடவ உக்காந்து பாத்தேன். நாம் அறியோம்ங்கிற அந்த வரிதான் வருது."

கடைசி இதழ் வைகாசியில் வந்தது. விடைபெறுகிறோம் என்று ஒரு பத்தி மட்டும் எழுதியிருந்தார். வாசகர்கள் அதைப் படித்துக் கண்ணீர் விட்டதாக எழுதினார்கள். அந்தத் தபால்களை அவர் பிரித்தாரே தவிரப் பதில் போடவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். எப்போதாவது ராஜபாளையம் போய் அந்த வரிசைவீட்டில் சிறிது நேரம் இருந்துவிட்டு வருவார். ரோசம்மாள் முறுக்கோ அவல் பொரியோ கட்டிக் கொடுப்பாள். மாரியாத்தாள் வாங்கி வைப்பாள், அதிகம் பேசமாட்டாள். சில தடவை பேச்சிமுத்து வேலைக்குப் போயிருப்பான்.

ஒருமுறை, மில் விடுகிற நேரத்தில், பேச்சிமுத்து நாலைந்து பேரோடு எதிரே வந்தான். கூட ஒரு மேஸ்திரியும் இருந்தார். வாத்தியாரைக் கண்டதும் பேச்சிமுத்துவின் கண் ஒரு கணம் நின்றது. பிறகு அவரைத் தாண்டி வேறெங்கோ பார்த்தபடி, மேஸ்திரி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டு நடந்துபோனான். அவர் ஒதுங்கி ஒரு வெற்றிலைக்கடை ஓரமாக நின்றுகொண்டார். அவர்கள் தெரு திரும்பி மறைகிறவரை நின்றார். பிறகு அந்த வரிசைவீட்டுப் பக்கம் போகாமல், கொண்டுவந்த பொட்டலத்தோடு ஸ்டேஷனுக்கே திரும்பினார். அடுத்த மாதம் மறுபடியும் போனார்.